பின்கண்ணாடியில் எழுதிய வாசகம்

அத்தியாயம் பதினேழு

“பயமில்லையா ஒங்களுக்கு?”

“என்னத்துக்குப் பயம்?”

“நான் ஓடுற ஓட்டத்துக்குத்தான். சாமத்துல கிண்ணியாவுல வெளிக்கிட்டு சுபஹுத் தொழுகைக்குக் கட்டுநாயக்கா எயார்போட்டுல நிக்கிறவன் நான். கலியாணம் பேசக்குள்ள ஒருத்தரும் சொல்லல்லயா?”

“சொன்னாங்க. வாப்பாவே பெருமையாச் சொன்னாரு.”

“பெருமைய விடுங்க. பயமில்லையா எண்டுதானே கேட்டனான்.”

“நீங்க கெதியா ஓடினாத்தானே நான் ஒங்களக் கெதியாப் பார்க்கலாம்.”

பாஹிம் சிரித்த சிரிப்பில் வேனைக் கிண்ணியாப் பாலத்து ஓரத்தில் நிறுத்த வேண்டியதாயிற்று. கலியாணம் முடிந்து ஐந்தாம் நாள் அது. கீழே தோணிகள் போய்க்கொண்டிருந்தன. தூரத்தில் துறைமுகத்து விளக்குகள் எரியத் தொடங்கியிருந்தன.

அந்தப் பதில் பொய். மாப்பிள்ளையைச் சிரிக்க வைக்க ஒரு புதுப்பெண் சொன்ன பொய். அவன் சாவிக்கொத்தைக் கையில் எடுத்தாலே நுஸ்ரத்துக்குப் பயம் பிடித்துவிடும்.

மறுநாள் பாஹிம் அதை வேன் ஸ்டாண்டில் போய்ச் சொல்லிவிட்டான். ஒரு கிழமைக்குள் அது பின்கண்ணாடியில் சிவப்பு எழுத்தில் ஏறியது. ‘கெதியாகப் போகிறேன், வீட்டில் ஒருத்தி காத்திருக்கிறாள்.’

ஸ்டாண்ட்காரர்கள் அவளைக் கடைத்தெருவில் கண்டால், “என்ன மச்சி, நேத்து எத்தின மணிக்கு ஆளக் கண்டீங்க?” என்று பகிடி பண்ணுவார்கள். அவளும் சிரிப்பாள். பாஹிமின் கூட்டாளி கலீலுர் றஹ்மான் கொஞ்ச நாளில் அதே வாசகத்தைத் தன் வேனிலும் ஒட்டிக்கொண்டான்.

எட்டு வருடமாகிவிட்டது. இன்று வாப்பாவின் ஜனாஸா ஹோலில் கிடக்க, யாஸீன் ஓதும் குரல்களுக்கு நடுவில் இருந்துகொண்டு நுஸ்ரத் அந்தப் பொய்யைத்தான் நினைத்துக்கொண்டிருந்தாள்.

*

வாப்பா ஆதம்பாவா சுபஹுக்குச் சற்று முன் மவுத்தானார். கத்தாரிலிருந்து அவருடைய ஒரே மகன், நுஸ்ரத்துக்கு மூத்தவனான நானா றுமைஸ் ஏற வேண்டிய பிளேன் அப்போது இன்னும் தோஹாவை விட்டே கிளம்பியிருக்கவில்லை.

ஒன்பது வருடத்துக்கு முன், வாப்பா தன் தங்கை மகள் பஸ்மியாவுக்குப் பேசி வைத்த கலியாணத்தை உதறிவிட்டு, ஒருத்தருக்கும் சொல்லாமல் போனவன் றுமைஸ். அதன் பிறகு வாப்பா அவனோடு ஒரு சொல் பேசவில்லை. போனைக் காதுக்குப் பக்கத்தில் கொண்டு போனாலும் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொள்வார். படுக்கையில் விழுந்தபின் பள்ளிவாசல் ஆட்களைக் கூப்பிட்டு ஒன்றே ஒன்று சொன்னார்.

“என்ட மையித்த ஒருத்தருக்காகவும் வச்சுக்கொண்டிருக்கக் கூடாது.”

அந்த ஒருத்தர் யாரென்று எல்லோருக்கும் தெரியும்.

நண்பகல் லுஹருக்கே அடக்கியிருக்க வேண்டியது. உம்மா நஜ்முன் நிஸாதான் விடவில்லை. வாப்பாவின் தம்பி முஹைதீன்பாவா பள்ளிவாசல் நிர்வாகத்தில் இருக்கிறார். உம்மா அவருடைய சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். முதலில் பின்னேர அஸருக்குப் பிறகு என்றார். பிறகு இன்னும் இறங்கி வந்தார்.

“அஞ்சரைக்குச் சந்தூக்கத் தூக்கணும் மதினி. மஃரிபுக்கு முன்ன மண்ணுக்குள்ள வச்சிரணும். இது நானாட கடைசி வஸிய்யத்து. அதுக்கு மேல என்னால ஏலாது.”

றுமைஸ் கட்டுநாயக்காவில் வெளியே வந்தபோது பகல் ஒரு மணி தாண்டிவிட்டது. சாதாரண வேனுக்கு அங்கிருந்து கிண்ணியா ஆறு மணித்தியாலப் பயணம். பாஹிமின் ஆகக் குறைந்த ஓட்டம் நாலு மணியும் பத்து நிமிடமும். அதுவும் நோன்பு காலத்து ஸஹர் நேரத்தில், ரோட்டில் நாய்கூட இல்லாத வேளையில் ஓடியது.

இன்று வேலை நாள். மழை வேறு. போதாததற்கு பாஹிம் முந்தின நாள் பின்னேரம் ஒரு குடும்பத்தை ஏற்றிக்கொண்டு போனவன், பிளேன் பிந்தப் பிந்த அங்கேயே கதிரையில் முழித்திருந்தவன்.

“நித்திரை கொண்டீங்களா?” என்று காலையில் நுஸ்ரத் கேட்டாள்.

“மாமா மவுத்தாகிக் கிடக்காரு, எனக்கென்ன நித்திரை?” என்றான். பிறகு, “நீ அழாத. நானாவக் கொண்டு வந்து சேர்ப்பன்,” என்றான்.

*

முற்றத்தில் படங்கு கட்டி, அதன் கீழ் பிளாஸ்டிக் கதிரைகள் போட்டிருந்தார்கள். மழைத் தண்ணீர் படங்கின் நடுவில் தொட்டிலாகத் தேங்க, யாராவது எழும்பி ஒரு தடியால் தள்ளிவிடுவார்கள். ஸ்டாண்ட்காரர்கள் எல்லோரும் ஒரு மூலையில் துவாரகனைச் சுற்றி இருந்தார்கள். துவாரகன் லிங்கநகர் ஆள். அவனும் எயார்போட் ஓட்டம்தான் ஓடுகிறான். அவன் கையிலிருந்த போனில் வேன் குறூப் திறந்திருந்தது.

அந்தக் குறூப்புக்கு ஒரு முறை உண்டு. பாலத்தில் ஏறும்போது வேன் மணிக்கூட்டைப் படம் பிடித்துப் போட வேண்டும். எயார்போட் வாசலில் இன்னொரு படம். இரண்டுக்கும் இடையில் உள்ளதுதான் ஒருவனுடைய மதிப்பு. நாலரையில் ஓடியவனுக்கு வாழ்த்து வரும். ஆறில் ஓடியவனுக்கு ஆமைப் படம் வரும்.

கலீலுர் றஹ்மான் ஓட்டத்தில் அடிபட்டு மவுத்தானபோது குறூப் நாற்பது நாள் வாய் மூடிக் கிடந்தது. நாற்பத்தோராம் நாள் யாரோ ஒருவன் மணிக்கூட்டுப் படம் போட்டான்.

இன்று மொத்தக் குறூப்பும் பாஹிமுக்காக வேலை செய்தது. கலேவெலயில் நின்ற ஒருவன், பொலிஸ் எந்த மரத்துக்குப் பின்னால் நிற்கிறது என்று சொன்னான். தம்புள்ளையில் மரக்கறி லொறிகள் அடைத்துக்கொண்டு நிற்கின்றன, உள் ரோட்டால் வா என்றான் இன்னொருவன்.

“குருநாகல் தாண்டிட்டான்!” என்றான் துவாரகன்.

“இப்பவேயா? பொய்.”

“நான் ஏனண்ணை மரண வீட்டில பொய் சொல்லப்போறன்? படத்தைப் பாருங்கோ.”

“அப்பிடியெண்டா அஞ்சரைக்கு வந்திருவான்.”

“தம்புள்ளையில பிடிச்சா வராது.”

“பாஹிமத் தம்புள்ளை பிடிக்குமா? அவன் தம்புள்ளையப் பிடிப்பான்.”

மெல்லிய சிரிப்பு ஒன்று எழுந்து, மரண வீடு என்ற நினைவு வந்து அடங்கியது. சாச்சா முஹைதீன்பாவா மட்டும் சிரிக்கவில்லை. கைமணிக்கூட்டைப் பார்த்துவிட்டு வீட்டுப் பக்கம் பார்த்தார்.

ஜன்னல் சீலைக்குப் பின்னால் நின்று நுஸ்ரத் அவ்வளவையும் கேட்டாள். எவரையும் குறை சொல்ல அவளுக்கு வாயில்லை. தகப்பன் முகத்தை மகனுக்குக் காட்டத்தானே இத்தனை பேரும் பாடுபடுகிறார்கள்?

*

“தேத்தண்ணிக் கேத்தல் அங்கால கிடக்கு, எடுத்துக்கொண்டு வா புள்ள,” என்று பெரியம்மா ஒருத்தி அனுப்பினாள்.

அங்கால என்றால் பஸ்மியாவின் வீடு. மதிலில் ஒரு சின்னக் கதவு. அதைத் தாண்டினால் அவளுடைய குசினி. றுமைஸ் உதறிவிட்டுப் போன பஸ்மியாவைக் கட்டியவன் கலீலுர் றஹ்மான்தான். இப்போது அவள் அவனுக்காக, வீட்டை விட்டு வெளியேறாத இத்தாவில் இருக்கிறாள். சொந்த மாமாவின் ஜனாஸா பத்தடி தூரத்தில் கிடந்தும் படலை தாண்ட மாட்டாள். காலையிலிருந்து மரண வீட்டுக்கு வேண்டிய தேத்தண்ணி முழுவதும் அவள் அடுப்பில்தான் கொதிக்கிறது.

“மாமாட முகம் எப்பிடி இருக்கு?” என்று கேட்டாள்.

“நித்திரை மாதிரி.”

“கோவமா இல்லையே?”

“இல்ல மச்சி.”

பஸ்மியா கேத்தலின் மூடியைச் சரியாக வைத்தாள். “எதுவரைக்கும் வந்திட்டாரு?”

“நானாவா?”

“ஒன்ட நானா வந்தா எனக்கென்ன, வராட்டி எனக்கென்ன? ஒன்ட மாப்பிள்ளையக் கேக்கன்.”

“தம்புள்ளைக்குக் கிட்டயாம்.”

“அந்தக் கணக்குக்கு நல்லாத்தான் மிதிச்சிருக்காரு.” பஸ்மியா அடுப்பைப் பார்த்தபடியே பேசினாள். “எங்கட வேன எங்க வச்சிருக்காங்க தெரியுமா? பொலிஸ் முத்தத்துல. முன்பக்கம் எது, கதவு எது எண்டு தெரியாது. எண்டாலும் பின்கண்ணாடியில ஒரு கீறல் இல்ல. ஒன்ட வசனம் அப்பிடியே இருக்கு.”

“மச்சி, நான்...”

“ஒன்னக் குத்தம் சொல்லல்ல. ஒட்டச் சொல்லிக் கேட்டவள் நான்தானே. நீ மட்டும்தான் காத்திருக்கியா, நான் இல்லையா எண்டு சண்டை பிடிச்சு ஒட்ட வச்சனான்.”

நுஸ்ரத் கேத்தலின் பிடியைப் பிடித்தாள். தூக்கவில்லை.

“ஏழு வருசம் அந்த ஒரு சொல்லு என்ட தொண்டைக்குள்ள கிடந்திச்சு,” என்றாள் பஸ்மியா. “ஒவ்வொரு ஓட்டத்துக்கும் படலையடியில வாயத் திறப்பன். பிறகு விழுங்கிருவன். மாமி சொல்லித் தந்ததுதானே. சொன்னா அந்தச் சொல்லு முன்னுக்குப் போய் ரோட்டுல நிக்கும் எண்டு. நான் சொல்லல்ல நுஸ்ரத். ஒரு நாளும் சொல்லல்ல. அப்பிடியும் ஒண்டு நிண்டுதே.”

கல்லோயாவைத் தாண்டி, மழையில் விளக்கில்லாமல் நிறுத்தியிருந்த நெல் லொறி அது. கலீலுர் றஹ்மானின் வேன் அதில்தான் மோதியது.

*

மாமி என்று பஸ்மியா சொன்னது நுஸ்ரத்தின் உம்மாவைத்தான்.

வேன் ஓடுபவர்களின் வீடுகளில் வழிப்பயணம் போகிறவனுக்குப் பின்னால் நின்று பெண்கள் ‘கவனம்’ என்று சொல்வதில்லை. பிஸ்மி சொல்லி அனுப்புவதோடு சரி. எச்சரித்தால் ஆபத்தை நாமே பெயர் சொல்லிக் கூப்பிட்டதாகிவிடும் என்பார்கள். கலியாணம் முடிந்து பாஹிம் முதல் ஓட்டத்துக்கு வெளிக்கிட்டபோது நுஸ்ரத் அறியாமல் வாயெடுத்தாள். உம்மா ஓடி வந்து உள்ளங்கையால் அவள் வாயைப் பொத்தினாள். வெங்காயம் மணத்த அந்தக் கையை நுஸ்ரத் இன்னும் மறக்கவில்லை.

எட்டு வருடமாக அந்தக் கை அவள் வாயை விட்டு எடுபடவே இல்லை.

பாஹிம் திரும்பி வரும்போது ஹபரணைச் சந்தியில் எப்போதும் போன் எடுப்பான். அதற்கு அப்பால் காடு, லைன் இருக்காது. “காத்துக்கொண்டிருக்கியா?” என்பான். “ஓம்,” என்பாள். அவ்வளவுதான் பேச்சு. அந்த “ஓம்” சொல்லிவிட்டு, வேன் சத்தம் படலையில் கேட்கும் வரை அவள் எந்த வேலையையும் முடித்தது கிடையாது. அரிசி ஊறிக்கொண்டே கிடக்கும்.

*

அவள் கேத்தலோடு திரும்பி வந்தபோது முற்றத்தில் எல்லோரும் துவாரகனின் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“மச்சி, பாருங்கோ உங்கட ஆள!” அவன் போனை அவள் பக்கம் நீட்டினான். எதிரே கொழும்புக்குப் போன ஒரு வேன்காரனின் பக்கத்து ஆள் எடுத்த வீடியோ அது.

மழை. வைப்பர் அடிக்கிறது. எதிரில் ஒரு பஸ், அதன் பின்னால் லொறி, இன்னொரு லொறி. வளைவில் அந்த மூன்றுக்கும் வெளியே, வெள்ளைக் கோட்டுக்கு இப்பால், விளக்கெல்லாம் போட்டுக்கொண்டு ஒரு வெள்ளை வேன் நேரே வருகிறது. படம் குலுங்குகிறது. எடுத்தவர்களின் வேன் புல்லில் இறங்குகிறது. “அல்லாஹ்!” என்று ஒரு கத்தல். அடுத்த கணம் வெடித்த சிரிப்பு. “மாஷா அல்லாஹ், என்ன ஓட்டமடா!” போன் பின்பக்கம் திரும்புகிறது. தண்ணீரைக் கிழித்துக்கொண்டு போகும் வேனின் பின்கண்ணாடி. சிவப்பு எழுத்து. ‘வீட்டில் ஒருத்தி காத்திருக்கிறாள்.’

“தம்புள்ளை முடிஞ்சுது. இனிப் பயமில்லை,” என்றான் ஒருவன்.

“இந்த ஓட்டம் ஓடினா சாச்சா மணிக்கூட்டைத் திருப்பி வைக்க வேண்டி வரும்.”

நுஸ்ரத்தின் கையில் கேத்தல் சரிந்தது. அதன் மூக்கால் சூடான தேத்தண்ணி சிந்திக் கால் விரலில் பட்டது. அவள் உணரவில்லை.

அவள் கண்ணில் நின்றது வளைவு அல்ல. பஸ்ஸும் அல்ல. அந்தப் புல். எதிரே வந்தவன் புல்லில் இறக்கியிருக்காவிட்டால்? அவன் இறக்கியதால்தான் இந்த முற்றத்தில் இப்போது சிரிப்பு. அவன் ஒரு நொடி பிந்தியிருந்தால் இதே படங்கின் கீழ் இதே கதிரைகளில் இதே ஆட்கள். பாஹிமும், இத்தனை வருடத்துக்குப் பிறகு வரும் நானாவும் ஒரே வேனுக்குள்.

கல்லோயா இனித்தான் வர வேண்டும்.

*

நாலரை மணிக்குச் சற்று முன், ஜனாஸாவைச் சுமக்கும் சந்தூக்கு பள்ளிவாசலிலிருந்து வந்தது. அதைக் கண்டதும் ஹோலில் அழுகை புதிதாகக் கிளம்பியது. கபன் துணியின் முகப்பக்கத்தை மட்டும் கட்டாமல் விட்டிருந்தார்கள். றுமைஸுக்காக.

சாச்சா வாசலில் நின்று தொண்டையைச் செருமினார். “மதினி, ஆக்கள் பார்த்து முடிஞ்சா...”

“அவன் வரட்டும்!” உம்மாவின் குரல் கிழிந்தது. “ஹபரணைக்குக் கிட்ட வந்திட்டானாம். ஒருக்காப் பார்க்கட்டும். உசிரோட இருக்கக்குள்ள அவரு முகத்தக் காட்டல்ல. இப்பவாவது திருப்ப ஏலாதுதானே? ஒருக்கா அவன் பார்க்கட்டும்.”

சாச்சா தலையைக் குனிந்துகொண்டார். “அஞ்சரை,” என்றார் மெதுவான குரலில். “என்ன மன்னிச்சுக்கொள்ளுங்க.”

உம்மா வாப்பாவின் தலைமாட்டில் இருந்தாள். மூன்று நாளாகச் சாப்பிடாத முகம். நுஸ்ரத்தைக் கண்டதும் அவள் மணிக்கட்டைப் பற்றி இழுத்துப் பக்கத்தில் இருத்தினாள்.

“ஒன்ட மாப்பிள்ளைக்குச் சொல்லு புள்ள. நீ சொன்னா அவரு பறப்பாரு. அவரு ஒனக்காகத்தானே ஓடுறவரு. ஊருக்கே தெரியும்.”

“உம்மா...”

“எனக்கு இருக்கிறது ஒரு ஆம்புளப்புள்ள. வாப்பாட முகத்தப் பார்க்காட்டி அவன் திரும்பவும் போயிருவான். இந்த முறை போனா வர மாட்டான். எனக்குத் தெரியும்.”

அதுவும் உண்மை. நானாவை நுஸ்ரத்துக்கும் தெரியும்.

ஒரு பக்கம் இந்த முகம். இன்னும் கொஞ்ச நேரத்தில் மூடப்போகும் முகம். இதை நானா பார்க்காமல் போனால் உம்மா அவளை மன்னிக்க மாட்டாள். நானாவும் மன்னிக்க மாட்டான். மறு பக்கம் மதிலுக்கு அந்தப் பக்கத்தில் அடுப்பைப் பார்த்துக்கொண்டு பேசும் ஒருத்தி. நடுவில் ஒரு வழி இருக்கிறதா என்று மனம் திரும்பத் திரும்பத் தேடியது. இல்லை. எதைத் தொட்டாலும் ஒன்று உடையும்.

போன் அடித்தது.

றுமைஸ்தான். உம்மா ஸ்பீக்கரில் போடச் சொன்னாள். இயந்திரத்தின் இரைச்சல் ஹோல் முழுக்க நிறைந்தது. யாஸீன் ஓதியவர்கள் நிறுத்திவிட்டார்கள்.

“உம்மா, ஹபரணைச் சந்திக்கு வந்திட்டம். இனிக் காடு, லைன் போயிரும். முகத்த மூட விடாதீங்க உம்மா. நான் வாறன். மூட விடாதீங்க.” பெரிய மனிதனின் குரல் சின்னப்பிள்ளையின் குரலாக உடைந்தது. “நுஸ்ரத் எங்க? நுஸ்ரத், மச்சானுக்கு இன்னும் கொஞ்சம் மிதிக்கச் சொல்லு. மழைக்கு ஸ்பீட இறக்குறாரு. நீ சொன்னாத்தான் கேப்பாரு.”

“சொல்லு,” என்றாள் உம்மா. விரல்கள் மணிக்கட்டில் அழுந்தின. “கெதியா வரச் சொல்லு.”

பாஹிமின் குரல் வந்தது. நித்திரையில்லாத, தடித்த குரல். ஆனாலும் அதற்குள் ஒரு சிரிப்பு இருந்தது. இந்தச் சந்தியில் எப்போதும் இருக்கும் அதே சிரிப்பு.

“நுஸ்ரத், காத்துக்கொண்டிருக்கியா?”

“ஓம்,” என்றாள்.

வழக்கமாக அத்தோடு வைத்துவிடுவார்கள். அவள் வைக்கவில்லை. வெளியே சந்தூக்கைக் கழுவித் துடைக்கும் சத்தம் கேட்டது. சாம்பிராணிப் புகைக்குள் வாப்பாவின் முகம் அமைதியாகக் கிடந்தது.

“எவ்வளவு நேரம் போனாலும் காத்துக்கொண்டிருப்பன்,” என்றாள் நுஸ்ரத். “நானா முகம் பார்க்க ஏலாமப் போனாலும் போகட்டும். அந்தப் பழிய நான் ஏத்துக்கொள்ளுறன்.”

உம்மா திடுக்கிட்டு நிமிர்ந்தாள். அடுத்து வரப்போகும் சொல் எதுவென்று அவளுக்கு விளங்கிவிட்டது. மணிக்கட்டை விட்ட கை, எட்டு வருடத்துக்கு முன் வந்தது போலவே, மகளின் வாயைப் பொத்த விரைந்து வந்தது.

நுஸ்ரத் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

“மெதுவா வாங்க,” என்றாள். “அல்லாஹ்வுக்காக, எனக்காக, மெதுவா வாங்க.”